ஈர வெப்பம்

காரின் இருக்கைகளை நீராவியால் சுத்தம் செய்தால், நான்கு கதவுகளையும் திறந்து வைத்துக் குறைந்தது நான்கு மணி நேரம் காயவிட வேண்டும். ஸ்டீம் கிளீனருடன் கொடுத்த கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இது இருக்கிறது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் வரை போவதில்லை. தண்ணீர் எங்கே ஊற்றுவது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பார்த்துவிட்டுக் கையேட்டை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள். நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கண்ணில் பட்ட அச்சுப் பிழைகளைப் பென்சிலால் திருத்தியும் வைத்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

இன்ஸ்பெக்டர் ஐயா, சென்ற மாதம் நீங்கள் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் என் கையொப்பம் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதினீர்கள். இரண்டு இடங்களில் நானே உங்களைத் திருத்தினேன். வாக்கியங்களில் குறையில்லை. செய்திதான் சரியில்லை. வருகிற திங்கட்கிழமை என் தம்பி மனைவி நீதிமன்றத்தில் எழுந்து நின்று, தன் நான்கு வயது மகளைப் பூட்டிய காருக்குள் மறந்துவிட்டுப் போனது தான்தான் என்று ஒப்புக்கொள்ளப்போகிறாள். அதற்கு முன்பாக இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக, தபாலை நம்பாமல் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் கிருமிநீக்க அறையில் வேலை பார்த்தேன். கடைசிப் பதினான்கு ஆண்டுகள் அந்த அறைக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். அறுவைக் கத்திகளும் கிடுக்கிகளும் மருத்துவர்கள் போர்த்திக்கொள்ளும் துணிகளும் என் கண்ணைத் தாண்டித்தான் உள்ளே போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லித் தருவேன். காய்ந்த சூட்டில் கிருமிகளைக் கொல்ல நூற்றறுபது டிகிரியில் இரண்டு மணி நேரம் வேண்டும். ஈரச் சூடு அந்த வேலையை நூற்றிருபத்தொரு டிகிரியில், பதினைந்தே நிமிடத்தில் முடித்துவிடும். உயிருள்ள எதுவும் ஈரச் சூட்டுக்கு முன்னால் நீண்ட நேரம் நிற்காது என்பேன். மறுநாள் காலையில் கேள்வி கேட்பேன். பதில் சொல்லத் தெரியாதவர்களை அன்று முழுவதும் துணி மடிக்க வைப்பேன்.

ஓய்வு பெற்ற வாரமே வீட்டுக்கு ஸ்டீம் கிளீனர் ஒன்றை வாங்கினேன். ஒரு பெரிய பானை அளவுக்கு இருக்கும். நீண்ட குழாயும், தரைக்கு ஒன்று கம்பளத்துக்கு ஒன்று மூலைகளுக்கு ஒன்று என மூன்று முனைகளும் உண்டு. அது கையில் வந்த பிறகுதான் வீடு எவ்வளவு அழுக்காக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அழுக்குக்குக் காரணமும் தெரிந்தது. என் தம்பி நில அளவையாளன். வாரத்தில் ஐந்து நாட்கள் வெளியூரில் இருப்பான். அவன் மனைவி வீட்டிலிருந்தபடியே திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுப்பவள். கூடத்துக் கம்பளத்தில் நீராவியை வைப்பதற்கு முன்னால் நான் மண்டியிட்டு அரை மணி நேரம் நூல் பொறுக்க வேண்டும். சாயம் போகிற சிவப்பு நூல் ஒன்று தங்கிவிட்டாலும் போதும், நீராவி பட்டதும் கம்பளத்தில் கோடு விழுந்துவிடும்.

அவள் மறதிக்காரி. அது எங்கள் வீட்டில் நாள்தோறும் நடக்கும் வேடிக்கை. துணி வெட்டும் கத்தரிக்கோலை ஒருமுறை ஃபிரிட்ஜுக்குள் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அதிலிருந்து வீட்டில் எது காணாமற்போனாலும் தம்பி, "ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கப்பா" என்பான்.

"ஏன், கத்தரிக்கோலுக்கு வேர்க்காதா? அதுவும் காலையிலேருந்து ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். குழந்தையும் எதற்கென்று தெரியாமலேயே கூடச் சேர்ந்து சிரிக்கும். நான் சிரித்ததில்லை. நான் நினைவில் வைத்துக்கொண்டேன்.

குழந்தையை வண்டு என்று கூப்பிடுவோம். எந்நேரமும் எதையாவது முனகிக்கொண்டே வீட்டைச் சுற்றி வரும். அவள் தையல் இயந்திரத்தின் முன்னால் அமர்ந்துவிட்டால் குழந்தை என் பொறுப்பு. குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, செருப்பை ஜோடியாக வைக்கச் சொல்லித்தருவது எல்லாம் நான். குழந்தையின் மீது எனக்குப் பாசம் இருந்ததா என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துகொண்டீர்கள் போலும். உங்கள் முடிவு சரியானதுதான்.

அன்று காலை எட்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டேன். பின்னிருக்கையில் குழந்தையின் மெழுகு வண்ணக்குச்சி உருகி ஒட்டியிருந்தது. இடுக்குகளில் பிஸ்கட் தூளும் நூல்துணுக்குகளும் நிறைந்திருந்தன. நான்கு இருக்கைகள், கால்மிதிக்குக் கீழே உள்ள விரிப்பு, கதவுகளின் உட்புறம், பிறகு ஜன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றையும் நீராவியால் சுத்தம் செய்து துடைத்து முடிக்கப் பத்தரை ஆயிற்று. துணி நன்றாகவே ஈரம் குடித்திருந்தது. வழக்கத்தைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் இயந்திரத்தின் மூடியில் இருந்த ரப்பர் வாஷர் விரிசல் விட்டு, நீராவியோடு தண்ணீரும் சொட்டிக்கொண்டிருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குத் திரைச்சீலை கொண்டுபோய் மாட்ட வேண்டும் என்று அவள் கிளம்பினாள். அந்தத் தெருவில்தான் உதிரிப்பாகக் கடையும் இருக்கிறது. வாஷர் வாங்குவதற்காக நானும் வருகிறேன் என்றேன்.

அவள் இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணி, ஈரம் சொட்டச் சொட்ட இருக்கே. போய் இறங்கினா மூணு பேருக்கும் பின்னாடி வரைபடம் போட்டிருக்கும். ஆட்டோல போயிடலாமா?"

"டவலை விரிச்சு உக்காரு. ஈரத்துல யாரும் கரைஞ்சு போயிட மாட்டாங்க" என்றேன்.

அவள் டவலை விரித்தாள். நான்கு ஜன்னல்களையும் முழுவதுமாக இறக்கிவிட்டுக் காரை ஓட்டினாள். இது உங்கள் பதிவில் இல்லை, சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வைத்தது அவள்.

அந்தத் தெருவில் குழாய் பதிப்பதற்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நிழல் கிடைக்கவில்லை. வெயிலில்தான் நிறுத்த முடிந்தது. அவள் திரைச்சீலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"மூணாவது மாடி அண்ணி. கொக்கியை மாட்டிட்டு ஓடி வந்துடறேன், பத்தே நிமிஷம். வண்டு தூங்குறா, பாத்துக்கோங்க."

"சரி, போ" என்றேன்.

அவள் சொன்னாள், நான் சரி என்றேன். உங்கள் பதிவில் உள்ள பதினேழு வாக்கியங்களில் இந்த இரண்டும் இல்லை. இவை இல்லாமல் அந்தப் பதினேழும் இருந்தும் பயனில்லை.

அவள் போன சிறிது நேரத்தில் தோண்டுகிற இயந்திரம் வேலையைத் தொடங்கியது. செம்மண் புழுதி எழுந்து வந்தது. ஈரத் துணியின் மீது செம்மண் படிந்தால் அது கறையாக இறங்கிவிடும். அதன் பிறகு நீராவியால்கூட எடுக்க முடியாது. இரண்டரை மணி நேர வேலை. நான் நான்கு ஜன்னல்களையும் ஏற்றினேன். அப்போது எதிர்ப்புறத்தில் உதிரிப்பாகக் கடைக்காரர் சாப்பாட்டு நேரத்துக்காகத் தகட்டுக் கதவைப் பாதி இறக்குவது தெரிந்தது. நான் இறங்கினேன். அவள் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருப்பாள் என்பதால் காரின் இரண்டாவது சாவி எப்போதும் என்னிடம் இருக்கும். பூட்டினேன். குழந்தை உள்ளே இருக்கும்போது காரைப் பூட்டாமல் போவது பொறுப்பற்ற செயல். பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி குழந்தைப் பூட்டு போட்டதும் நான்தான்; ஓடும் வண்டியில் ஒருமுறை குழந்தை கதவைத் திறக்கப் பார்த்தது.

கடையில் பத்து நிமிடம் இருந்தேன்.

இந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். ரசீதில் நேரம் அச்சாகியிருக்கிறது: ஒன்று ஒன்பது. நான் காரைப் பூட்டும்போது கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பத்தொன்று. முப்பத்தெட்டு நிமிடங்கள் ஆகின்றன.

கடைக்காரர் முதலில் தவறான வாஷரை எடுத்து வைத்தார். "இது உக்காராதும்மா, உங்க மெஷின் பழைய மாடல்" என்றார்.

"உக்காரும். நீங்க தலைகீழா வச்சிருக்கீங்க" என்றேன்.

திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், எனக்கே பாடம் எடுக்கறீங்களே" என்று சிரித்தார். பிறகு தம் காரின் விரிப்பில் ஒரு வாடை வருகிறது, என்ன செய்தாலும் போகவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். சுத்தம் செய்வதைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் என்னைக் கண்டால் காலைத் தூக்கிக்கொள்வார்கள், தரையைத் துடைத்துக்கொண்டு போகட்டும் என்று. இவர் கேட்டார், ஒரு காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். நான் முறையாகச் சொன்னேன். தண்ணீர் அதிகம் கூடாது, முனையை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது, ஈரத்தோடு காரை மூடி வெயிலில் வைத்துவிட்டால் உள்ளே கிருமிநீக்கக் கலமான ஆட்டோகிளேவ் போல ஆகிவிடும், நான்கு கதவுகளையும் திறந்து நான்கு மணி நேரம் காயவிட வேண்டும் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் அவரிடம் இன்னும் இருக்கலாம். நீங்கள் வாங்கிப் பார்க்கலாம்.

திரும்பி வந்து காரின் கதவைத் திறந்தபோது முகத்தில் ஒரு காற்று அடித்தது. முப்பத்தொரு ஆண்டுகள் நாள்தோறும் பலமுறை என் முகத்தில் அடித்த காற்று. அதற்கு மேல் அந்த நிமிடத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. மருத்துவரின் அறிக்கை உங்களிடம் இருக்கிறது. என் தம்பி மனைவி மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் திரைக்கம்பி நீளம் போதாமல் வேறு கம்பி மாட்டியிருக்கிறார்கள், அதனால்தான் தாமதம். மீந்த வளையங்கள் அவள் கையில் இருந்தன. கார் கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் அவள் சிரித்தபடி கையை உயர்த்தினாள், இதோ வந்துவிட்டேன் என்பதுபோல. பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், காரில் குழந்தையோடு இருந்தது யார் என்று கேட்டார். "நான் முதலிலேயே கடைக்கு இறங்கிவிட்டேன். அவள்தான் இருந்தாள்" என்றேன். இதை நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்த பிறகு கவனித்தேன், அது முழுமையான வாக்கியமாக இருந்தது. எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, தடுமாற்றம் இல்லை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை எதுவும் அந்த வாக்கியத்தில் தெரியவில்லை.

நடைபாதையில் அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நான் சொன்னேன்ல? பாத்துக்கோங்கன்னு சொன்னேன்ல?"

"நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பொய்க்காரி என்று சொல்லியிருந்தால், ஐயா, அன்றே உண்மை வெளியில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள், தொலைந்த சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிப்பாளே, அதே முகத்தோடு. அதற்குள் தம்பி வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் மண்ணாக இருந்தது. "கத்தரிக்கோலை ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிறவதானேடி நீ" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவளுடைய நெற்றிச் சுருக்கம் அப்போது நேராவதைப் பார்த்தேன். தேடியது கிடைத்துவிட்டதுபோல இருந்தது. அன்று மாலைக்குள், தான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கலாம் என்றாள். மறுநாள், சொல்லவில்லை என்றாள். உங்களிடம் பேசும்போது, குழந்தை உடன் வந்ததே தனக்கு மறந்துவிட்டது என்று சொன்னாள். நான் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் "எனக்குத் தெரியலம்மா" என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் ஆட்கள் காரைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த அன்று அவள் தன் தாய்வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணி, காரைத் துடைச்சுடாதீங்க. அவ வாசனை அதுலதான் மிச்சம் இருக்கும். ஒருநாள் வந்து சும்மா உக்காந்துட்டுப் போறேன்" என்றாள். சரி என்றேன். மறுநாள் காலை புது வாஷரை மாட்டி இயந்திரத்தைச் சூடாக்கினேன்.

இருக்கைகளை முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு வந்தேன். இடப்பக்கத்துப் பின் ஜன்னலில் நீராவி பட்டதும் கண்ணாடி வெளுத்தது. வெளுப்பில் கோடுகள் எழுந்தன. கண்ணாடியில் விரல் பட்ட இடத்தில் உடம்பின் எண்ணெய்ப் பசை தங்கும். ஆவி அங்கே படியாது. ஒரு முகம். முகத்துக்குள் மூக்குக்கண்ணாடியாக இரண்டு வட்டங்கள். தலைக்கு மேலே கொண்டையாக இன்னொரு வட்டம். என் தம்பி மனைவி மூக்குக்கண்ணாடி அணிவதில்லை. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருப்பாள். எங்கள் வீட்டில் கொண்டை போடுவது ஒருவர்தான். இது வேறு ஏதோ ஒரு நாளில் வரைந்ததாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் சம்பவத்தன்று காலையில் அந்தக் கண்ணாடியை நானே நீராவியால் துடைத்திருக்கிறேன். நான் துடைத்த கண்ணாடியில் ஒரு ரேகைகூட மிஞ்சாது. ஆகவே அதற்குப் பிறகு வரைந்தது.

கண்ணாடி ஆறியதும் படம் மறைந்தது. மறுபடியும் நீராவியை வைத்தேன், வந்தது. எத்தனை முறை அப்படிச் செய்தேன் என்று எண்ணவில்லை. தண்ணீர் தீர்ந்துபோய் இயந்திரம் தானாக அணைந்தது. பிறகு வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். மூன்று நாட்கள் கழித்து நீங்கள் வந்தபோது காரை எட்டிப் பார்த்து, "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்றீர்கள். நன்றி என்றேன்.

நேற்றைக்கு முந்தைய நாள் அவள் வந்தாள். கூடத்தில், கம்பளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை. காரில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது வாசனையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வினிகர் நெடிதான் அடித்திருக்கும்.

"திங்கக்கிழமை ஒத்துக்கப்போறேன் அண்ணி. ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு வக்கீல் சொல்றார். அதுக்காக இல்ல. எதுக்காவது ஒத்துக்கிட்டாத்தான் மூச்சு வரும்போல இருக்கு." பிறகு, "அவர் முகத்தையே பாக்க மாட்டேங்கறார். எங்கம்மாகூடத் திட்டிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னை இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். குனிந்து என் காலைத் தொட்டாள்.

போகும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டாள். அவள் வந்ததே அதைக் கேட்பதற்காகத்தான் என்று எனக்குப் புரிந்தது.

"அண்ணி, நீங்கதானே முதல்ல கதவைத் திறந்தீங்க. அவ தூங்கிட்டேதானே இருந்தா? முழிச்சிருக்க மாட்டாள்ல? அது மட்டும் தெரிஞ்சா போதும், எத்தனை வருஷம் போட்டாலும் நான் உள்ள இருந்துடுவேன்."

"தூங்கிட்டேதாம்மா இருந்தா" என்றேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்துவிட்டு எழுதினேன். முந்தைய இரண்டு பிரதிகளிலும் இத்தோடு முடித்துக் கையொப்பமிட்டேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, நான் மறந்துவிட்டேன், பிறகு பயந்து பழியை மாற்றினேன் என்று இருந்தது. எவரும் நம்பக்கூடிய, ஓரளவுக்கு மன்னிக்கக்கூடிய வடிவம் அது. ஆனால் நான் மறக்கவில்லை. மறப்பவள் அவள், நான் அல்ல.

உதிரிப்பாகக் கடையின் பாதி இறக்கிய கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தால் கார் தெரியும். முப்பதடி தூரம். நான் இரண்டு முறை குனிந்து பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது கண்ணாடிகள் எல்லாம் வெளுத்திருந்தன. துணியிலிருந்து ஈரம் வெளியேறுகிறது, மாலைக்குள் இருக்கை காய்ந்துவிடும் என்று எனக்குத் திருப்தியாகவே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பது என் மூளைக்குத் தெரியும். எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியும். கடைக்காரர் பேனாவைக் கையில் பிடித்தபடி, "அப்புறம் சொல்லுங்கம்மா" என்றார்.

இரண்டாம் முறை பார்த்தபோது அந்த வெளுப்பின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் துடைக்கப்பட்டிருந்தது. அதில் வண்டுவின் முகம் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணாடியைத் தட்டினாள். முகம் சிவந்திருந்தது, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நான்கு கதவுகளையும் திறக்க வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லும் இடத்துக்கு அப்போது வந்திருந்தேன். இன்னும் இரண்டு வாக்கியங்கள் பாக்கி இருந்தன. பெரியவர்கள் பேசி முடிக்கும் வரை குறுக்கே வரக் கூடாது. நான் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினேன். பொறு என்பதற்கு எங்கள் இருவருக்கும் அதுதான் சைகை. அவள் உடனே தட்டுவதை நிறுத்தினாள். கைகளை இறக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

வேறு குழந்தையாக இருந்தால் கதறித் தெருவையே கூட்டியிருக்கும். வண்டு ஒரு சத்தமும் போடவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளையாக அவளை வளர்த்தது நான். அவளுடைய தாய் அல்ல. அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளவும்.